தலை ஆடியும் ஒத்தக்கடை முகவரியும்

நாகஜோதி கழுத்தில் தாலி ஏறியபோது அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. மாப்பிள்ளைக்கு எழுபது. அதுவும் ஹாலந்து நாட்டு வெள்ளைக்காரர். செக்கானூரணிப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்றில் இப்படி ஒரு கல்யாணம் நடந்தால் ஊர் சும்மா இருக்குமா? ஒரு மாதம் டீக்கடையில் வேறு பேச்சே கிடையாது. பேசிய வாய்களில் ஒரு வாயாவது, இந்த முப்பது வருசம் அந்தப் பொம்பளை எப்படித் தள்ளினாள் என்று கேட்டிருக்குமா என்றால், அதுதான் இல்லை.

அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று. பதினாலு வருசம் அவருக்குக் கட்டில்தான் உலகம், அவளுக்கும் அதேதான். பெண் பார்க்க வந்தவர்கள் கட்டிலைப் பார்ப்பார்கள், காபியைக் குடிப்பார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போவார்கள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு கேட்க ஆளில்லை. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு உதவியாளாக வேலைக்குச் சேர்ந்தாள். கோச்சடையில் ஒற்றை அறை. அண்ணன் அருள்பாண்டியின் மகள் பவதாரிணி காலேஜில் படித்த மூன்று வருசமும் அந்த அறையில்தான் இருந்தாள். அவளுக்குத் தலை பின்னி, டப்பாவில் சோறு கட்டி, பரீட்சைக்கு எழுப்பிவிட்டு, எல்லாம் இவள்தான்.

யோஹான் என்பது அவர் பெயர். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துபோய், பிள்ளையும் இல்லாமல், ஊர் சுற்ற வந்தவர் மதுரையில் படியில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். அவரைத் திரும்ப நடக்க வைத்தவள் நாகஜோதி. நடக்கத் தெரிந்ததும் மனுசர் ஊருக்குப் போனார். ஆறே மாதத்தில் அங்கிருந்த வீட்டை விற்றுவிட்டு, இரண்டு பெட்டியோடு திரும்பி வந்து, ஆஸ்பத்திரி வாசலில் நின்று, அரைகுறைத் தமிழில் கேட்டார். அவள் அன்றைக்கு முழுக்க அழுதாள். சந்தோசத்தில் அழுதாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வைகாசியில் முறைப்படி பதிவுத் திருமணம். வார்டில் எல்லாரும் 'யோகன் சார்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கட்டிக்கொண்ட பிறகும் அவளுக்கு அவர் சார்தான். "புருசனைப் போயி சார்னு கூப்பிடுறியே, வெக்கமா இல்லையா?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்தால், "அப்பறம் எப்படிக் கூப்புட, மாமான்னா? எனக்குச் சிரிப்பு வருது" என்பாள்.

அண்ணன் கல்யாணத்துக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. அது ஒன்றுதான் அவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

இனி வருவதுதான் வினை. யோகன் சாரிடம் இருந்தது சுற்றுலா விசா. மனைவியோடு இங்கேயே இருக்க வேண்டுமென்றால் அதற்குத் தனி விசா. வெளிநாட்டுக்காரர் எந்த வீட்டில் இருக்கிறார், யாரோடு இருக்கிறார் என்று வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீடு மாறினால் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரும் தனியாக ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அப்புறம் போலீஸ் வந்து பார்க்கும். கணவன் மனைவி உண்மையிலேயே சேர்ந்து வாழ்கிறார்கள் என்று அறிக்கை போனால்தான் விசா. ஆனி பிறந்ததும் விண்ணப்பம் போட்டார்கள்.

போட்ட கையோடு வீடு மாற வேண்டி வந்தது. கோச்சடை அறை மாடியில் இருந்தது, சாரின் இடுப்புக்குப் படி ஆகவில்லை. ஒத்தக்கடையில் புதுக் காலனி ஒன்றில் கீழ்வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் பசுபதி, ரிட்டயர்டு கிளார்க், சுத்தமான மனுசர். ஆனி முடிய இரண்டு நாள்தான் இருந்தது. அடுப்பு வைத்துப் பால் காய்ச்சினார்கள். பசுபதி அன்றைய தேதியிலேயே வாடகை ஒப்பந்தம் எழுதி, நல்ல நேரத்துக்குள் கையெழுத்தும் வாங்கிவிட்டார். சாமான் ஏற்றுவது மட்டும் ஆவணியில். ஆடியில் எவராவது வீடு மாறுவார்களா?

யோகன் சார் விடவில்லை. "ஜோதி, ஒப்பந்தம் போட்டாச்சு. முகவரி மாறியாச்சு. இன்னைக்கே சொல்லணும்."

"சார், நம்ம இன்னும் குடி போகலையே. ஆவணியில சொல்லிக்கலாம்."

"சிக்னல் விழுந்த பிறகு ரயில் வரும் வரை காத்திருந்து புத்தகத்துல எழுத முடியாது. அப்பவே எழுதணும்."

எழுதினார். லேப்டாப்பைத் திறந்து ஒப்பந்தத்தை ஏற்றி, இன்று முதல் என் முகவரி ஒத்தக்கடை என்று பதிந்துவிட்டார். பசுபதியும் கடமை தவறாமல் தன் படிவத்தை அனுப்பினார். ஆக, அரசாங்கக் கணக்கில் வெள்ளைக்காரர் ஒத்தக்கடையில். நிசத்தில் மூட்டை முடிச்சோடு கோச்சடை மாடியில். நேர்மை இப்படியும் ஆளைக் கவிழ்க்கும் என்று யார் கண்டது!

அடுத்த நாள் வாசலில் வந்து நின்றது அருள்பாண்டி. கையில் தட்டு. தட்டில் சேலை, பூ, பழம்.

"நாகு, தலை ஆடிக்குக் கூப்பிட வந்திருக்கேன்த்தா. நடந்தது நடந்து போச்சு. பொறந்த வீட்டுக்கு வந்து ஒரு மாசம் இரு."

அவளுக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. புதுப்பெண்ணை முதல் ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். கூடப் படித்தவர்கள் எல்லாருக்கும் அந்தத் தட்டு வந்து முப்பது வருசம் ஆயிற்று. தன் வாழ்நாளில் அது தனக்கு வராது என்று அவள் எழுதி மூடி வைத்திருந்த ஆசை அது. தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சாரும் வரட்டுமாண்ணே?"

"அவருக்கு நம்ம காடு கரையெல்லாம் தோதுப்படாது. கொசு. நீ மட்டும் வா."

அதில் அப்போதே ஏதோ இடித்திருக்க வேண்டும். முதல் ஆடிக்கு மாப்பிள்ளையையும் கூப்பிட்டு விருந்து வைத்துவிட்டுத்தானே பெண்ணை நிறுத்திக்கொள்வார்கள்? சந்தோசத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கு அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. யோகன் சார் சிரித்துக்கொண்டே பஸ் ஏற்றிவிட்டார். லீவு போட்டுவிட்டுப் போனவள், மதினி முருகம்மாள் எண்ணெய் தேய்த்துவிட, பவதாரிணி கோலம் போட்டுக் காட்ட, சாயங்காலம் ஆனால் சாரோடு போனில் பேச, ஒரு மாதம் ராணி மாதிரி இருந்தாள். ஆவணி முதல் தேதி திரும்பி வந்தாள். அந்த வாரமே ஒத்தக்கடையில் குடியேறினார்கள்.

இரண்டு வாரம் கழித்து யோகன் சாரின் மெயிலுக்கு வந்தது கடிதம். சொன்ன முகவரியில் வசிக்கவில்லை, மனைவியோடு சேர்ந்து வாழவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது, பதினாலு நாளில் நாட்டை விட்டு வெளியேறவும்.

அவர் அதை மூன்று முறை படித்தார். "நான் சரியாத்தானே சொன்னேன்?" என்று மட்டும் கேட்டார். போனால் திரும்பி வரலாமே என்று சொன்னவர்கள் உண்டு. முகவரியைப் பொய்யாகச் சொன்னவர், பொய்க் கல்யாணம் செய்தவர் என்று பெயர் பதிந்த ஆளுக்கு மறுபடி விசா யார் கொடுப்பார்? அங்கே அவருக்கு வீடும் இல்லை, மனுசரும் இல்லை. இவளிடம் பாஸ்போர்ட்டே இல்லை. இந்தப் பதினாலு நாள் போனால் எல்லாம் போனது.

மறுநாள் காலையில் விசாரணை செய்த ஸ்டேஷனில் போய் நின்றாள். எஸ்.ஐ. சுபலட்சுமி கெட்டவர் இல்லை. பைலைத் திறந்து பொறுமையாகவே சொன்னார்.

"ஆடி மாசம் எங்க ஆளு ஒத்தக்கடைக்குப் போயிருக்காரு. வீடு பூட்டு. பக்கத்து வீட்ல, பால் காய்ச்சிட்டுப் போனவங்கதான், யாரும் வரலைன்னுருக்காங்க. கோச்சடைக்குப் போயிருக்காரு. அங்க வெள்ளைக்காரர் மட்டும் தனியா இருக்காரு. நீங்க எங்கன்னா, அண்ணன் வீட்லன்னு சொல்லிருக்காரு."

போலீஸ் வந்ததை சார் அன்றைக்கே போனில் சொல்லியிருந்தார், வழக்கமான விசாரணைதான் என்று இருவரும் அதை விட்டுவிட்டார்கள். "மேடம், அது தலை ஆடிக்கு..."

"தெரியும்மா. நானும் மதுரைக்காரிதான். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா இதைப் பாருங்க."

ஒரு தாளைத் திருப்பி வைத்தார். 'என் தங்கை நாகஜோதி மேற்படி வெளிநாட்டுக்காரரை விட்டுப் பிரிந்து என் வீட்டுக்கு நிரந்தரமாக வந்துவிட்டாள்.' கீழே அருள்பாண்டியின் கையெழுத்து. அந்தக் கோணல் கையெழுத்தை அவளுக்குத் தெரியாதா? தங்கை என்றாலும் சின்ன வயதில் சிலேட்டில் அவள்தான் அதைத் திருத்திக் கொடுத்தது.

"நான் சொல்றேனே மேடம், நான்தானே பொண்டாட்டி!"

"விசாவுக்காகச் செஞ்ச கல்யாணமோன்னு சந்தேகம் வந்தா, பொண்டாட்டி சொல்றது மட்டும் பத்தாதும்மா. சொன்னவரே மாத்தி எழுதிக் குடுக்கட்டும். நான் மறு விசாரணைன்னு போட்டு அனுப்புறேன். அது இல்லாம என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அன்றிலிருந்து நாய் படாத பாடு. பசுபதி எழுதிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் முத்திரையே குத்திக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் வாங்கிப் பைலில் கோத்துக்கொண்ட சுபலட்சுமி, "உங்க அண்ணன்?" என்று கேட்பார். அண்ணன் போனை எடுக்கவில்லை. மாட்டுத்தாவணிக்குப் போய், அங்கிருந்து பஸ் மாறி இரண்டு முறை ஊருக்கே போனாள். "இப்பத்தான் தோட்டத்துக்குப் போனாக," "உரக் கடைக்குப் போயிருக்காக" என்று மதினி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிள்ளையார் கோயில் முக்கில் உட்கார்ந்து பார்த்தாள், வரவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் ஆள் இருப்பது கூடத் தெரியாமல் வாய்விட்டு அழுதாள். ஒத்தக்கடை வீட்டில் யோகன் சார் பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்திருந்தார்.

"அதை ஏன் சார் எடுத்தீங்க?"

"தேதி தாண்டி ஒரு நாள் கூட இருக்க மாட்டேன் ஜோதி. தாண்டினா நான் நிசமாவே குற்றவாளி."

"அப்ப நான் என்ன செய்ய? சொல்லுங்க, நான் என்ன செய்ய!" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

ஐந்து நாள் மிச்சம் இருந்தபோது பவதாரிணி போன் செய்தாள். "அத்தை, வெள்ளிக்கிழமை காலையில எனக்குப் பரிசம். அப்பா உன்கிட்டச் சொல்லிட்டேன்னாரு. நீ ஏன் ஒரு வார்த்தை பேசலை? வருவேல்ல?"

அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. நாகஜோதி, "வாரேன்டா தங்கம்" என்றாள். பரிசத்தன்றைக்கு அண்ணன் எங்கே ஓடுவான்?

வெள்ளிக்கிழமை போனபோது வாசலில் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது பேருக்குக் குறையாது. அருள்பாண்டி இவளைப் பார்த்ததும் முகம் செத்துப்போய், கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் மோட்டார் ரூமுக்கு இழுத்துப் போனான்.

"ஏண்ணே அப்படி எழுதிக் குடுத்த?"

"போலீசு வந்த நேரம் மாப்பிள்ளையோட அப்பா நல்லகாமன் வீடு பாக்க வந்து உக்காந்திருக்காருத்தா. நீ கோயிலுக்குக் கூழ் ஊத்தப் போயிருந்த. வெள்ளைக்காரனைக் கட்டுன தங்கச்சி எங்கன்னு ஏற்கெனவே ஊர்ல கேட்டுட்டு வந்திருக்காரு. நான் என்னத்தைச் சொல்ல? விட்டுட்டு வந்துட்டான்னு சொன்னேன். அவரு முன்னால போலீசுகிட்ட மாத்திச் சொல்ல முடியுமா?"

"அப்ப ஆடிக்குக் கூப்பிட்டது?"

அவன் மோட்டார் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அதுக்குத்தான் கூப்பிட்டியா? நான் இங்க இருக்கேன்னு ஊருக்குக் காட்டவா? பழத்தட்டு, சேலை, எல்லாம் அதுக்குத்தானா?"

"எம் பொண்ணு வாழ்க்கைத்தா. முப்பது நெருங்குது. இது நாலாவது சம்பந்தம். உனக்குத் தெரியாதா?" அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "கல்யாணம் முடியட்டும். நீ கேக்குற மாதிரி எழுதித் தாரேன்."

"கல்யாணம் ஐப்பசியில. அவருக்கு இன்னும் மூணு நாளுண்ணே. மூணே நாளு!"

"போயிட்டு வரட்டுமே. என்ன, ஓடியா போயிருவாரு?"

அவனை அடிக்கத்தான் கை போனது. அவன் கண்ணிலிருந்து நீர் வழிவதைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது. பொண்ணு வாழ்க்கை என்று அவன் சொன்னதில் பொய் இல்லையே. அந்தப் பெண் இவளுக்கும் பெண்தானே. ஒரு நிமிசம், போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். பின்வாசல் வழியாக, யார் கண்ணிலும் படாமல்.

அதற்குள் முருகம்மாள் ஓடி வந்தாள். "சம்பந்தி உங்களைக் கேக்குறாக. ரெண்டு பேரும் வாங்க."

பந்தலில் லக்கினப் பத்திரிகை எழுத நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தாள் பலகை மேல் இருந்தது. பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்த பவதாரிணி, அத்தையைக் கண்டதும் பல் தெரியச் சிரித்தாள். நல்லகாமன் பெரிய மீசைக்காரர், குரல் மட்டும் மெதுவானது.

"வாங்கம்மா. உங்களைப் பத்தி அண்ணன் சொன்னாரு. வெள்ளைக்காரரை விட்டுட்டுப் பொறந்த வீட்டோட வந்துட்டீகளாம். கஷ்டந்தான். ஆனா நல்ல முடிவு."

நாற்பது பேரும் அவளைப் பார்த்தார்கள். ஆமாங்கய்யா என்று ஒரு வார்த்தை. அம்புட்டுத்தான். அதைச் சொல்லிவிட்டால், நாளைக்கே மறு விசாரணை என்று யாராவது இந்த ஊருக்கு வந்தால், நாற்பது பேர் அதையே சொல்வார்கள். அவள் வாயாலேயே கேட்டோம் என்பார்கள். அப்புறம் யார் எழுதிக் கொடுத்து என்ன? அண்ணன் கண்ணால் கெஞ்சினான். பவதாரிணி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தபோது என்ன வரும் என்று அவளுக்கே தெரியாது.

"இல்லீங்கய்யா. நான் யாரையும் விட்டுட்டு வரலை. தலை ஆடிக்கு அண்ணன் கூப்பிட்டுச்சு, வந்தேன். ஆவணி பொறந்ததும் எங்க வீட்டுக்குப் போயிட்டேன். ஒத்தக்கடையில நானும் எம் புருசனும் ஒண்ணாத்தான் இருக்கோம்."

நல்லகாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அந்தாளைக் கட்டுனது உங்க இஷ்டம்மா. அதைச் சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன், ஒத்துக்கிட்டும் இருப்பேன்." பிறகு அருள்பாண்டியைப் பார்த்தார். "எம் முன்னால உக்காந்து போலீசுக்கே பொய் எழுதிக் குடுத்திருக்கீகளே அப்பு. நாளைக்கு எங்ககிட்ட எதை மறைப்பீக?"

தட்டுகள் எழுந்தன. வந்த வரிசையிலேயே போயின. முருகம்மாள் ஒவ்வொருத்தர் காலாகப் பிடிக்கப் போனாள். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. பவதாரிணி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். சிரிப்பு போய்விட்டது. "தங்கம்" என்று நாகஜோதி ஓர் அடி எடுத்து வைத்ததும் அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"படுபாவி! நாசமாப் போறவளே! உனக்கு நாலு மாசத்துப் புருசன் பெரிசாப் போச்சா?" என்று மதினி மண்ணை வாரி வீசினாள். நாகஜோதி நகரவில்லை. சேலையெல்லாம் மண். அழவும் வரவில்லை. ஓடிப் போய் அந்தக் கதவைத் தட்டத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் கால் அருள்பாண்டி இருந்த பக்கம் போனது.

அவன் பலகைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவள் வந்து நின்றதும் தலையைத் தூக்கினான்.

"இனி மறைக்க என்ன இருக்கு? சொல்லு, எழுதுறேன்."

மஞ்சள் தடவிய அந்தத் தாளையே எடுத்துத் தொடை மேல் வைத்துக்கொண்டான். அவள் எதிரில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினான். என் தங்கை நாகஜோதி ஆடி மாத வழக்கப்படி என் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் முன்பு எழுதிக் கொடுத்தது தவறு. அவள் தன் கணவரோடு சேர்ந்து வாழ்கிறாள். சாத்திய கதவுக்குள்ளிருந்து பவதாரிணியின் அழுகை கேட்டது. அருள்பாண்டியின் கை நின்றது. நாகஜோதி காத்திருந்தாள். அவன் கையெழுத்துப் போட்டுத் தாளை அவள் பக்கம் தள்ளினான்.

அவள் அதை எடுத்துக் கடைசி வரி வரை படித்துப் பார்த்துவிட்டு, திரும்ப அவனிடமே நீட்டினாள்.

"தேதியும் போடுண்ணே," என்றாள்.